பேஸ்மென்ட்ல குளிர் காத்து ஊத்துற பைப்பை அம்மா போர்வை வச்சு அடைச்சுட்டாங்க, அப்படியே விட்டுடலாமா?

பனிக்காட்டு_பாண்டி:

மக்களே வணக்கம். நாங்க மினசோட்டால மினியாபொலிஸ் பக்கம் இருக்கோம், வீடு 1986ல கட்டினது, வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. பேஸ்மென்ட் இன்னும் ஃபினிஷ் பண்ணல, சும்மா கான்கிரீட்டா கிடக்கு, ஒரு மூலைல கேஸ் ஃபர்னஸ் (வீட்டை சூடாக்குற மெஷின்), பக்கத்துலயே கேஸ் வாட்டர் ஹீட்டர், அதுக்கு அடுத்து வாஷர் டிரையர். அந்த மூலைல சீலிங்ல இருந்து ஒரு ஆறு இன்ச் குழாய் யானைத் தும்பிக்கை மாதிரி தொங்குது, இன்னொரு முனை வெளிச்சுவத்துல இருக்கு. வாங்கும்போது அதோட வாய் ஒரு ஆரஞ்சு பக்கெட்டுக்குள்ள இருந்துச்சு. பழைய ஓனர் மறந்து விட்டுட்டு போயிட்டாருன்னு நினைச்சு பக்கெட்டை எடுத்து கார் கழுவ வச்சுக்கிட்டேன் (சிரிக்காதீங்க).

இப்ப விஷயம் என்னன்னா நவம்பர்ல அம்மா மதுரைல இருந்து வந்தாங்க. துணி துவைக்க கீழ போகும்போதெல்லாம் அந்த குழாய்ல இருந்து ஐஸ் காத்து காலுக்கு கீழ ஓடுதுன்னு புலம்பல். போன மாசம் மைனஸ் 25 போனப்ப "காசு குடுத்து வீட்டை சூடாக்குவீங்களாம், அப்புறம் சுவத்துல ஓட்டை போட்டு குளிரை உள்ள விடுவீங்களாம், என்னடா வீடு இது"ன்னு சொல்லி ஒரு பழைய போர்வையை சுருட்டி குழாய்க்குள்ள திணிச்சுட்டாங்க. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. பேஸ்மென்ட் உடனே கதகதன்னு ஆயிடுச்சு.

இப்ப பேஸ்மென்ட் ஃபினிஷ் பண்ணலாம்னு ஒரு கான்ட்ராக்டரை கூப்பிட்டேன், ஃபர்னஸ் ஹீட்டர் ரெண்டையும் சுத்தி டிரைவால் அடிச்சு எட்டுக்கு ஒம்பது அடில ஒரு ரூம் ஆக்கி சாதா கதவு போட்டுடலாம், அந்த பைப்பையும் எடுத்துடலாம்னு சொல்றார். கேள்வி ரெண்டு. அந்த பைப் நிஜமாவே தேவையா? ரூமுக்கு சாதா கதவு போட்டா ஏதாவது பிரச்சனையா?

இன்னொண்ணு, இதுக்கு சம்பந்தம் இருக்கான்னு தெரியல, ஒரு வாரமா கீழ ஜன்னல் கண்ணாடில எல்லாம் தண்ணி வடியுது, அம்மாவுக்கு காலைல தலைவலி. ஹீட்டர் போட்டா காத்து காய்ஞ்சு போய் தலைவலிக்கும்ல, அதுன்னு நினைக்கிறேன்.

நேப்பர்வில்_நாதன்:

பாண்டி, அடைச்சு விடுங்க, ஒண்ணும் ஆகாது. எங்க வீட்லயும் அதே மாதிரி ஒரு ஓட்டை இருந்துச்சு, பத்து வருஷம் முன்னாடி ஃபோம் அடிச்சு மூடிட்டேன், இன்னிக்கு வரைக்கும் ஃபர்னஸ் ஜம்முன்னு ஓடுது, கேஸ் பில்லும் குறைஞ்சுது. அந்த காலத்து வீட்டுக்கெல்லாம் ஏதோ ஒரு ரூல்னு போட்டு வச்சிருப்பாங்க. தலைவலிக்கு ஒரு ஹ்யூமிடிஃபையர் வாங்குங்க. கோவிட் டைம்ல வாங்கின ஆக்சிமீட்டர் இருந்தா விரல்ல மாட்டிப் பாருங்க, 98 காட்டினா கவலையே இல்ல.

ஸ்கார்பரோ_குழாய்க்காரன்:

பாண்டித் தம்பி, மிச்சத்தைப் பிறகு வாசியுங்கோ. முதல்ல உந்தப் போர்வையை இழுத்து எடுங்கோ, ஃபேர்னசையும் வோட்டர் ஹீற்றரையும் நிப்பாட்டுங்கோ, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியில வந்து காருக்குள்ள இருங்கோ, கராஜுக்குள்ள இல்ல, வெளி ரோட்டில. வெளியில நிண்டுகொண்டு கேஸ் கொம்பனியின்ர எமர்ஜென்சி நம்பருக்கு அடியுங்கோ. தலைவலியோட வாந்தி, மயக்கம் ஏதும் இருந்தா 911. தலைவலியும் ஜன்னலில தண்ணியும் ஒரே கிழமையில வந்திருக்கு எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். கேஸ் எரிஞ்சா வாற புகையில கிட்டத்தட்ட அஞ்சில ஒரு பங்கு நீராவிதான், அது புகைக்கூட்டால வெளியில போக வேணும். அது உங்கட கண்ணாடியில வடியுது எண்டா மற்றப் புகையும் வீட்டுக்குள்ளதான் நிக்குது.

நாதன் அண்ணை, கோவிக்காதேங்கோ, உந்த ஆக்சிமீற்றர் கதை பிழை. கார்பன் மோனாக்சைட், அதுதான் ஒழுங்கா எரியாத புகையில வாற மணமில்லாத விஷ வாயு, ரத்தத்தில ஏறி ஒட்டியிருந்தாலும் அந்த விரல் மெஷின் அதை ஒக்சிசன் எண்டுதான் எண்ணும், 98 எண்டுதான் காட்டும். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்தால்தான் தெரியும். அதோட ஒண்டு கேக்கிறன், உங்கட ஃபேர்னசில இருந்து வெள்ளை பிளாஸ்ரிக் பைப் ரெண்டு சுவருக்கு வெளியில போகுதோ? வோட்டர் ஹீற்றர் கேஸோ கரண்டோ?

நேப்பர்வில்_நாதன்:

ஆமா ரெண்டு வெள்ளை பிவிசி பைப் போகுது. வாட்டர் ஹீட்டர் எலக்ட்ரிக். ஏன்?

ஸ்கார்பரோ_குழாய்க்காரன்:

அதுதான். ஒரு பைப்பால வெளிக்காத்தை நேர இழுக்கும், மற்றதால புகையை விடும், பெட்டி சீல் பண்ணினது, வீட்டுக்காத்தைத் தொடவே மாட்டாது. உங்கட வீட்டில அந்த ஓட்டைக்கு உண்மையா வேலை இல்ல. பாண்டியின்ர வீட்டில இருக்கிறது பழைய சாமான், எரியிற காத்து முழுக்க அந்த அறைக்குள்ள இருந்துதான் எடுக்கும். உங்கட அனுபவத்தை அவருக்கு ஒட்டக் கூடாது.

நான் இஞ்ச ரொறன்ரோவில 16 வருசமா கேஸ் பிற்றர் வேலை செய்யிறன். எங்கட கோட் பி149, உங்கட மினசோட்டாவுக்கு வேற புத்தகம், அதால சைஸ் கணக்கை அங்கத்த ஆக்களிட்டக் கேளுங்கோ. காத்துக்கு ஊர் இல்லத்தானே, அதைச் சொல்லுறன். ஒரு கன அடி கேஸ் ஒழுங்கா எரிய கிட்டத்தட்ட பத்துக் கன அடி காத்து வேணும், அது கணக்குப் புத்தகத்தில. நடப்பில அதை விடக் கூட வேணும், ஏனெண்டா வோட்டர் ஹீற்றருக்கு மேல குடை மாதிரி ஒரு தகரம் நிக்கும் பாத்திருப்பீங்கள், டிராஃப்ட் ஹூட் எண்டு, அதுக்குள்ளாலயும் அறைக்காத்து ஏறி புகையோட சேந்து மேல போகும். சூடான புகை மெல்லிசு, தன்ர பாட்டில மேல ஏறும், அதைத் தள்ள மோட்டர் ஒண்டும் இல்ல. அந்த ஏறுற வலு எவ்வளவு எண்டு நினைக்கிறீங்கள், ரெண்டு மூண்டு பாஸ்கல். ஒருத்தர் கதவை வேகமாச் சாத்தினா வாற அழுத்தத்தை விடக் குறைவு. வீட்டுக்குள்ள வேற ஏதும் காத்தை அதை விடப் பலமா வெளியில இழுத்தா புகைக்கூடே காத்து உள்ள வாற வழியாப் போயிடும், புகை திரும்பிக் கீழ இறங்கும்.

உங்கட டிரையர் அதே மூலையில நிக்குது எண்டு சொன்னீங்கள். அது நிமிசத்துக்கு ஒரு 150 கன அடி காத்தை வெளியில தள்ளும். காத்து வாற குழாயையும் போர்வையால அடைச்சாச்சு. அம்மா எப்ப கீழ போறவா? உடுப்பு தோய்க்கத்தானே.

நிறைய எழுதிப்போட்டன். வெளியில வந்திட்டீங்களோ எண்டு ஒரு சொல்லு போடுங்கோ.

பனிக்காட்டு_பாண்டி:

அண்ணே வெளிய வந்துட்டோம். கேஸ் கம்பெனிக்கு போன் போட்டாச்சு, ஆள் வர்றாங்களாம். அம்மா கார்ல உக்காந்து "ஒரு போர்வைக்கு இவ்வளவு கலாட்டாவா"ன்னு கேக்குறாங்க. மேல ஹால்வேல சிஓ (கார்பன் மோனாக்சைட்) அலாரம் ஒண்ணு இருக்கு, அது கத்தவே இல்லையே? பெட்ரூம்ல இருந்து பத்து அடிக்குள்ள இருக்கணும்னு வாங்கும்போது இன்ஸ்பெக்டர் சொல்லி மாட்டினதுதான்.

கணக்குப்பிள்ளை:

அலாரம் கத்தாததை வச்சு சமாதானம் ஆகாதீங்க பாண்டி. கடையில கிடைக்கிற சாதா அலாரமெல்லாம் சும்மா சும்மா கத்தி ஃபயர் சர்வீசை ஓட வைக்கக் கூடாதுன்னு வேணும்னே லேட்டா கத்துற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. 70 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல 70 பங்கு) இருந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல, நாலு மணி நேரத்துக்குள்ள எப்பவாவது கத்தும். 150ன்னா பத்துல இருந்து அம்பது நிமிஷம், 400ன்னா நாலுல இருந்து பதினஞ்சு நிமிஷம். 30க்கு கீழ இருந்தா நாள் கணக்கா வாயே திறக்காது. வயசானவங்களுக்கும் கர்ப்பிணிக்கும் அந்த 30ஏ தலைவலி குடுக்கலாம். அதோட பின்னாடி தேதி பாருங்க, அந்த சென்சாருக்கு ஆயுசு அஞ்சுல இருந்து பத்து வருஷம்தான், பட்டனை அமுக்கினா பீப்னு வர்றது பேட்டரியும் ஸ்பீக்கரும் நல்லா இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். தீ விபத்து சேராம அமெரிக்காவுல வருஷத்துக்கு 400 பேருக்கு மேல இதால செத்துப் போறாங்கன்னு அரசாங்க சுகாதார அமைப்பு சிடிசி சொல்லுது, அதுல நிறைய கதை இப்படி குளிர்காலத்துலதான் ஆரம்பிக்கும்.

நம்ம ஊர்ல பாத்ரூம்ல கேஸ் கீசர் மாட்டி கதவை சாத்திக்கிட்டு குளிச்சு ஆள் விழுந்த செய்தி வருஷா வருஷம் வருதே, அதுவும் இதே கதைதான், காத்து வர வழியில்லாத சின்ன இடம், உள்ள ஒரு நெருப்பு.

சரி ரூம் கேள்விக்கு வர்றேன், நீங்க கார்லதான உக்காந்திருக்கீங்க, படிங்க. ஃபர்னஸ்லயும் ஹீட்டர்லயும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல இன்புட் பிடியு (ஒரு மணி நேரத்துக்கு எரிக்கிற சூட்டோட அளவு) எவ்வளவு போட்டிருக்கு? பேஸ்மென்ட் நீள அகலம் உயரம் சொல்லுங்க.

பனிக்காட்டு_பாண்டி:

இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் போன்ல இருக்கு. ஃபர்னஸ் 80,000, ஹீட்டர் 40,000. பேஸ்மென்ட் 26க்கு 32, உயரம் ஏழரை. ஒரு மூலைல 12க்கு 12 பெட்ரூமும் பிளான்ல இருக்கு. கேஸ் கம்பெனி வண்டி வந்துருச்சு, அப்புறம் வர்றேன்.

கணக்குப்பிள்ளை:

போயிட்டு வாங்க. நான் எழுதி வைக்கிறேன், திரும்பி வந்து பாருங்க.

பொது ரூல் இதுதான், ஆயிரம் பிடியுக்கு 50 கன அடி இடம். உங்களுக்கு மொத்தம் 1,20,000, அப்ப 6,000 கன அடி வேணும். இப்ப திறந்து கிடக்குற முழு பேஸ்மென்ட் 26 பெருக்கல் 32 பெருக்கல் ஏழரை, 6,240. பாஸ், மயிரிழைல பாஸ். அந்த பெட்ரூம் கட்டி கதவு போட்டுட்டீங்கன்னா அதுல 1,080 போயிடும், மிச்சம் 5,160. ஃபெயில். பெட்ரூம் காத்தை நம்பி ஃபர்னஸ் ஓட்டவும் கூடாது, அதை கணக்குல சேக்காதீங்க. இனி உங்க கான்ட்ராக்டர் சொல்ற எட்டுக்கு ஒம்பது ரூமை பாருங்க, அது வெறும் 540 கன அடி. ஆறாயிரம் வேணும்ங்கிற இடத்துல ஐநூத்தி நாப்பது. சாதா கதவு போட்டு சாத்தினா சிகரெட் பத்த வச்சு தலைல பாலிதீன் பை மாட்டிக்கிட்ட மாதிரி. சாதா கதவான்னு கேட்டீங்கல்ல, இதுதான் பதில்.

அப்ப என்ன பண்றதுன்னா, அந்த ரூமுக்கும் வெளிய இருக்குற பேஸ்மென்ட்டுக்கும் நடுவுல ரெண்டு ஓட்டை வேணும், ஒண்ணு சீலிங்ல இருந்து ஒரு அடிக்குள்ள, இன்னொண்ணு தரைல இருந்து ஒரு அடிக்குள்ள. கீழ வழியா குளிர்ந்த காத்து உள்ள போகும், மேல வழியா சூடானது வெளிய வரும், தானா சுத்தும். சைஸ் ஆயிரம் பிடியுக்கு ஒரு சதுர இன்ச், எவ்வளவு சின்ன மெஷினா இருந்தாலும் நூறுக்கு குறையக் கூடாது. உங்களுக்கு ஒவ்வொண்ணும் 120. இதுலதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க, 120ங்கிறது காத்து நிஜமா போற இடம். இரும்பு கிரில்லுல பட்டையெல்லாம் கழிச்சா முக்கால்வாசிதான் திறந்திருக்கும்னு கணக்கு, அப்ப 8க்கு 20 இன்ச் கிரில் வாங்கணும். மரப் பட்டை வச்சதுன்னா கால்வாசிதான், அப்ப 480 சதுர இன்ச். கடையில அழகா இருக்கேன்னு மரத்துல லூவர் கதவு வாங்கி பெயின்ட் நாலு கோட் அடிச்சு பாதி அடைச்சு வச்சிருக்குற வீடு எத்தனை பாத்திருக்கேன்.

ஆனா பேஸ்மென்ட்டே 5,160தான்னு சொன்னேன்ல, அதனால மேல் மாடியோட இணைக்கணும், அது தரைலயோ படிக்கட்டு கதவுலயோ ஆயிரத்துக்கு ரெண்டு சதுர இன்ச், மொத்தம் 240. இல்லன்னா வெளிக்காத்து. ஒரே குழாய்ல வெளிய இருந்து எடுக்குறதுன்னா மூவாயிரம் பிடியுக்கு ஒரு சதுர இன்ச், 40 வேணும். உங்க ஆறு இன்ச் குழாய் வாய் 28தான். அதாவது பாண்டி, நீங்க "தேவையா"ன்னு கேட்ட குழாய், ரூம் கட்டினா பத்தாது, எட்டு இன்ச் போடணும். இது பொதுவான கோட், மினசோட்டால மேக்கப் ஏருக்குன்னு (வெளிய போற காத்துக்கு ஈடா உள்ள விடுற காத்து) தனி டேபிளே வச்சிருக்காங்க, பெர்மிட் போடும்போது சிட்டி இன்ஸ்பெக்டரே கணக்கு கேப்பார். பெர்மிட் இல்லாம பண்ணலாம்னு கான்ட்ராக்டர் சொன்னா ஆளை மாத்துங்க.

இன்னொண்ணு, 50 கன அடி ரூல் ஓரளவு காத்து கசியிற வீட்டுக்குத்தான். ஜன்னல் எல்லாம் புதுசா மாத்தி, ரிம் ஜாய்ஸ்ட்ல (பேஸ்மென்ட் சுவரும் மேல் தரையும் சேர்ற விளிம்புக் கட்டை) ஃபோம் அடிச்சு, வீட்டை டப்பா மாதிரி ஆக்கிட்டா இந்த கணக்கே செல்லாது.

தாளிப்பு_ராணி:

நான் பேசாம படிச்சுட்டு போலாம்னு வந்தேன், டிரையர் பத்தி அண்ணன் எழுதினதை பாத்ததும் சொல்லாம இருக்க முடியல. நாங்க மிச்சிகன். ரெண்டு வருஷம் முன்னாடி கிச்சன் ரீமாடல் பண்ணினப்ப தாளிக்கிற வாசனை வீடு பூரா போகுது, கோட்டு ஜாக்கெட் எல்லாம் கடுகு மணக்குதுன்னு நான்தான் அடம் பிடிச்சு அடுப்புக்கு மேல மாட்டுற 900 சிஎஃப்எம் ஹூட் (நிமிஷத்துக்கு 900 கன அடி காத்தை இழுக்கும்) வாங்கினேன். கூரை வழியா வெளிய தள்ளுற நிஜமான ஹூட். மீன் வறுத்தா கூட பக்கத்து ரூமுக்கு தெரியாது, அவ்வளவு சந்தோஷம்.

ஒரு பொங்கலன்னிக்கு வீட்ல பதினஞ்சு பேர், நாலு அடுப்பும் எரியுது, ஹூட் ஃபுல் ஸ்பீட்ல, கீழ பாத்ரூம் ஃபேன், மேல பாத்ரூம் ஃபேன், குளிருன்னு ஜன்னல் எல்லாம் மூடி. பேஸ்மென்ட்ல விளையாடிக்கிட்டிருந்த பசங்க மேல வந்து கீழ ஏதோ நாத்தம் அடிக்குது கண்ணு எரியுதுன்னாங்க. போய் பாத்தா வாட்டர் ஹீட்டர் மேல அந்த குடை கிட்ட கை வச்சா சூடா ஈரமா காத்து கீழ வருது. ஹூட்டை ஆஃப் பண்ணின ரெண்டு நிமிஷத்துல நின்னுடுச்சு. அப்புறம் வந்த டெக்னிஷியன்தான் சொன்னார், 400 சிஎஃப்எம் தாண்டினா, வீட்ல இந்த மாதிரி கேஸ் மெஷின் இருந்தா, வெளிய போற காத்துக்கு ஈடா உள்ள காத்து வர வழி வைக்கணும்னு கோட்லயே இருக்காம். ஹூட் மாட்டினவர் வாயே திறக்கல, நானும் கேக்கல. இப்ப ஹூட் ஸ்விட்ச் போட்டா தானா திறக்குற டேம்பர் (காத்து வழியை மூடித் திறக்குற தகடு) வச்சு ஒரு எட்டு இன்ச் டக்ட் போட்டிருக்கோம். அதுவரைக்கும் ஒரு மாசம் தாளிக்கும்போதெல்லாம் கிச்சன் ஜன்னலை ரெண்டு இன்ச் திறந்து வச்சு, ஒரு கைல கரண்டி, தலைல மங்கி கேப்.

கணக்குப்பிள்ளை:

ராணி அக்கா, 900 சிஎஃப்எம்னா பாண்டியோட முழு பேஸ்மென்ட் காத்தையும் ஏழு நிமிஷத்துல வெளிய தள்ளிடும். பாவம் அந்த வாட்டர் ஹீட்டர், ரெண்டு பாஸ்கலை வச்சுக்கிட்டு அதோட மல்லுக்கட்டணும்.

பனிக்காட்டு_பாண்டி:

வந்துட்டேன் மக்களே, இப்பதான் ஹோட்டல் ரூம்ல உக்காந்து எழுதுறேன். கேஸ் கம்பெனி ஆள் மீட்டரோட உள்ள போனார், நாங்க போர்வையை எடுத்து எல்லாம் ஆஃப் பண்ணி அரை மணி நேரம் கழிச்சும் கீழ 28 பிபிஎம் காட்டுச்சாம். 28! அதான் அலாரம் கத்தல. டிரையரை ஓட விட்டு ஹீட்டரை மறுபடி பத்த வச்சு பாத்தார், புகை முழுக்க ரூமுக்குள்ள, உடனே ஆஃப் பண்ணி கேஸ் வால்வை மூடி சிவப்பு சீட்டு கட்டிட்டார். ஹீட்டர் மேல தண்ணி பைப் நுழையிற இடத்துல நீலமும் சிவப்புமா ரெண்டு பிளாஸ்டிக் வளையம் இருக்கு, அது உருகி வழிஞ்சிருந்துச்சு, "இது ஒரு வாரத்துல நடந்தது இல்ல, ரொம்ப நாளாவே அப்பப்ப திரும்பிக்கிட்டுதான் இருந்திருக்கு, போர்வை வச்சதும் முழுசா திரும்பிடுச்சு"ன்னார்.

அம்மாவை எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போனோம். ரத்தத்துல கொஞ்சம் ஏறியிருக்குன்னு சொல்லி மாஸ்க் வச்சு ஆக்சிஜன் குடுத்தாங்க. வெளிக்காத்துல இருந்தாலே நாலஞ்சு மணி நேரத்துல பாதி இறங்கிடும், ஆக்சிஜன் குடுத்தா ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரத்துல பாதியாகும்னு டாக்டர் சொன்னார். இப்ப தலைவலி போயிடுச்சு, இட்லி கிடைக்குமான்னு கேட்டாங்க. நாதன் சார் சொன்ன ஆக்சிமீட்டர் என் பைலதான் இருந்துச்சு, அங்க வச்சே மாட்டிப் பாத்தேன், 98.

அம்மா கிட்ட எல்லாத்தையும் விளக்கினேன். பாட்டி வீட்ல மண் அடுப்பு இருந்துச்சே, அதுக்கு காத்து போற வாயை அடைச்சா என்ன ஆகும்னு கேட்டேன். "கண்ணு எரியும், சமையக்கட்டு பூரா புகையும்"னாங்க. அதேதான்னு சொன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் பேசல. கடைசில "அது அடுப்புன்னு நீ எப்படா சொன்ன, பெட்டின்னுல்ல சொன்ன"ன்னு என்னையே திட்டுறாங்க. அதுவும் சரிதான்.

நேப்பர்வில்_நாதன்:

பாண்டி, மனசார மன்னிப்பு கேட்டுக்குறேன். தெரியாம வாயை விட்டுட்டேன். முதல் பதிவை அழிக்கலாம்னு பாத்தேன், அப்புறம் அப்படியே இருக்கட்டும், கீழ வந்த பதிலோட சேத்து படிக்கட்டும்னு விட்டுட்டேன். அம்மாவை கேட்டதா சொல்லுங்க.

ஸ்கார்பரோ_குழாய்க்காரன்:

அம்மா சுகமா இருக்கிறது பெரிய நிம்மதி. அந்த உருகின வளையம் பாத்த ஆள் கெட்டிக்காரன். நாங்கள் ஒரு வீட்டுக்குள்ள போனா முதல்ல பாக்கிறது அதைத்தான், பிறகு ஹீற்றர் மேல கறள் (துரு), குடைத் தகரத்தில புகைக்கறை. நெருப்பு நீலமா நிக்காம மஞ்சளா ஆடினாலும் கவனம்.

இனி என்ன செய்யலாம் எண்டு சொல்லுறன். காசு இருந்தா ஃபேர்னசை நாதன் அண்ணையின்ர மாதிரி சீல் பண்ணின ரெண்டு பைப் சாமானா மாத்துங்கோ, வெளிக்காத்து பைப்பையும் கட்டாயம் போடச் சொல்லுங்கோ, சிலர் வேலை மிச்சம் எண்டு புகை பைப்பை மட்டும் வெளியில விட்டிட்டு காத்து பைப்பை அறைக்குள்ளயே விட்டிட்டுப் போடுவினம். வெளியில அந்த ரெண்டு வாயும் பனி நிரம்புற உயரத்துக்கு மேல ஒரு அடியாவது நிக்க வேணும்.

ஆனா ஃபேர்னசை மட்டும் மாத்திப்போட்டு வோட்டர் ஹீற்றரைப் பழைய புகைக்கூட்டிலயே தனிய விடாதேங்கோ. இதுதான் நான் காணுற பெரிய பிழை. ரெண்டு சாமானுக்கு எண்டு கட்டின பெரிய புகைக்கூடு, இப்ப சின்ன ஹீற்றர் ஒண்டு மட்டும் அதுக்குள்ள ஊதுது, கூடு சூடாகாது, புகை பாதி வழியில குளிர்ந்து நிண்டு தண்ணியா வடியும், திரும்பியும் வரும். எங்கட தொழிலில அதை அநாதை ஹீற்றர் எண்டுதான் சொல்லுறது. ஒண்டில் புகைக்கூட்டுக்குள்ள சின்ன லைனர் (உள்குழாய்) விட வேணும், இல்லாட்டி அதையும் மோட்டர் வச்சதாவோ கரண்டிலயோ மாத்த வேணும். கரண்டில ஹீற் பம்ப் ஹீற்றர் போட்டா அது அறைக்காத்தின்ர சூட்டை எடுத்துத்தான் தண்ணியைச் சூடாக்கும், அதால அறை கொஞ்சம் குளிரும், ஆனா ஃபேர்னசும் சீல் பண்ணினது எண்டா நெருப்புக்கு எண்டு போட்ட உந்த கதவு ஓட்டை கணக்கு தேவைப்படாது.

இப்போதைக்குக் காசில்லை, பழசையே திருத்தி ஓட்டப்போறன் எண்டா கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி செய்யுங்கோ. ரெண்டு விசயம் அவர் விட்டிட்டார். அந்த அறைக்குள்ள ஃபேர்னசின்ர ரிற்றேர்ன் கிறில் (வீட்டுக்காத்தைத் திரும்ப ஃபேர்னசுக்குள்ள இழுக்கிற வாய்) ஒண்டும் வைக்க விடாதேங்கோ. கொன்ராக்டர்மார் பேஸ்மென்ற் சூடாக வேணும் எண்டு ரிற்றேர்ன் டக்டில ஒரு துளை வெட்டிப்போடுவினம், அதால ஃபேர்னஸ் ஃபானே பக்கத்தில நிக்கிற ஹீற்றரின்ர புகையை இழுத்து வீடு முழுக்க, படுக்கை அறை வரைக்கும் பரப்பும். காத்து ஃபில்டர் வைக்கிற இடத்து மூடி கழண்டு கிடந்தாலும் அதே கதை. மற்றது, அந்த அறைக்குள்ள ப்ளீச், பெயின்ற், தின்னர் வைக்காதேங்கோ. தின்னர் தீப்பிடிக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். ப்ளீச்சில வாற குளோரின் நெருப்புக்குள்ள போய் அமிலமாகி ஹீற் எக்ஸ்சேஞ்சரை அரிச்சுப்போடும். உங்கட வோஷர் அங்கதான் நிக்குது, அதால சொல்லுறன்.

எல்லாம் முடிஞ்சு சிவப்புச் சீட்டு கழட்டின பிறகு நீங்களே ஒருக்காப் பாருங்கோ. நல்ல குளிர் நாளில ஜன்னல் எல்லாம் பூட்டி, டிரையர், குசினி ஃபான், பாத்ரூம் ஃபான் எல்லாம் ஒண்டாப் போட்டு, ஃபேர்னஸ் அறைக் கதவையும் சாத்தி, ஹீற்றரைப் பத்த வைச்சு அஞ்சு நிமிசம் விட்டிட்டு, அந்தக் குடைக்குப் பக்கத்தில ஊதுபத்தி ஒண்டைப் பிடியுங்கோ. புகை உள்ள இழுபட்டா சரி. வெளியில தள்ளுப்பட்டா உடன நிப்பாட்டிப்போட்டு எனக்கு எழுதாதேங்கோ, அங்க லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கோ. ஊதுபத்தி பாஸ் எண்டு சொன்னாலும் வருசத்துக்கு ஒருக்கா மெஷின் வச்சுப் பாக்கிற ஆளைக் கூப்பிடத்தான் வேணும்.

பனிக்காட்டு_பாண்டி:

அண்ணே, இதை அப்படியே பிரின்ட் எடுத்து வச்சுக்கிறேன். கான்ட்ராக்டருக்கு இங்கிலீஷ்ல அனுப்பினேன், "யாரும் இவ்வளவு பாக்க மாட்டாங்க"ன்னு பதில் வந்துச்சு, ஆளை மாத்திட்டேன். ஹீட்டரை ஹீட் பம்ப்புக்கு மாத்திடலாம்னு முடிவு, ஃபர்னஸ் இன்னும் ரெண்டு வருஷம் ஓடட்டும். அந்த பெட்ரூமுக்கு தீப்பிடிச்சா ஏறி வெளிய குதிக்கிற ஜன்னலும் வேணுமாம், அது தனிச் செலவு, அதனால பெட்ரூமை இப்போதைக்கு விட்டுட்டேன். அது இல்லன்னா, ஃபர்னஸ் மட்டும்தான்னா 4,000 கன அடி போதும்ல கணக்கு? கதவுல ரெண்டு இரும்பு கிரில் வச்சா போதுமா?

அப்புறம் அந்த பக்கெட். அது எதுக்குன்னு யாருமே சொல்லல.

கணக்குப்பிள்ளை:

4,000 சரி. கதவுல மேல ஒண்ணு கீழ ஒண்ணு, நூறு சதுர இன்ச் நிஜ திறப்பு வேணும், 8க்கு 18 இரும்பு கிரில் வாங்குங்க. கிரில்லுக்கு முன்னாடி அரிசி மூட்டையை அடுக்காதீங்க.

ஸ்கார்பரோ_குழாய்க்காரன்:

பக்கெட்டைத் திருப்பி வையுங்கோ, அது சும்மா விட்டிட்டுப் போனதில்ல! குளிர்காத்து பாரம், குழாயால கீழ விழுந்து பக்கெட் நிரம்பினாப் பிறகு அங்கயே தேங்கி நிக்கும், ஆரும் இழுத்தால்தான் விளிம்பால வழிஞ்சு வரும். ஃபேர்னஸ் எரியேக்க வரும், மற்ற நேரம் அனேகமா வராது. நீங்கள் பக்கெட்டை எடுத்தபடியால்தான் அம்மாவின்ர காலுக்குக் குளிர்ந்தது. குழாயை தொய்யாம, மடியாம, அடிவரை முட்டாம ஒரு நாலு இஞ்சி இடம் விட்டுத் தொங்க விடுங்கோ. வெளிச்சுவரில அந்தக் குழாயின்ர வாய்க்கு ஒரு வலை இருக்கும், அதையும் ஒருக்காப் பாருங்கோ, கால் இஞ்சியை விட நெருக்கமான வலை எண்டா தூசி பிடிச்சு அடைபடும். ஜூன் மாசம் உங்கட பக்கம் கொட்டன்வூட் மரத்துப் பஞ்சு பறக்குமெல்லோ, அது முடியேக்க ஒரு தரம் துடைச்சு விடுங்கோ.

பனிக்காட்டு_பாண்டி:

பக்கெட் கராஜ்ல கார் ஷாம்பூவோட இருக்கு, அம்மா கழுவி எடுத்துட்டு வந்து வச்சுட்டாங்க. மேல பெரிசா தமிழ்ல "எடுக்காதே"ன்னு மார்க்கர்ல எழுதியிருக்காங்க. சிட்டி இன்ஸ்பெக்டர் வந்தா அது என்னன்னு கேப்பார்.